மறுசோதனைக்குப் படிக்கிறவன்

அய்யாவு காரை நிறுத்தியபோது மழை விட்டிருந்தது. ரெங்கம் டவுனைத் தாண்டி, செம்பனைக் காடு தொடங்குகிற இடத்தில் தன்னந்தனியாக நின்றது அந்த வீடு. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. காட்டுக்குள்ளிருந்து ஈர மண்ணும் அழுகின பழமும் கலந்த வாடை வந்து முகத்தில் மோதியது. முப்பது வருஷமாக மூக்கில் ஏறின வாடைதான் அது. 

"இதான் வீடா?" என்றான்.

"ஆமாப்பா. கோயில் குரூப்புல இந்த அட்ரஸ்தான் போட்டிருந்தாங்க," என்றாள் லோஷினி.

லோஷினி அவனுடைய ஒரே மகள். ஜொகூர் பாருவில் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. தீபாவளி கழித்து வகுப்பு. அய்யாவு சிம்பாங் ரெங்கம் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் ராத்திரி வேலை பார்க்கிறவன். அவன் தகப்பன் பழம் வெட்டினவர், தாத்தா பால்மரம் சீவினவர். அந்தப் பரம்பரையில் டாக்டர் என்றால் ஊசி போட்டு விரட்டுகிற ஆள் என்றுதான் இதுவரைக்கும் அர்த்தம். இப்போது வீட்டிலேயே ஒரு டாக்டர். ஆலையில் அவன் இந்தச் சேதியைச் சொல்லாத ஆள் கிடையாது. வங்காளதேசத்துப் பையன்களிடம்கூட மலாயில் சொல்லிவிட்டான்.

அனாட்டமி படிக்கிற பிள்ளைக்குப் புத்தகம் இலவசமாகத் தருவதாகத் திலகம் டீச்சர் கோயில் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார். சிலோன்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தனியாக இருக்கிறார். டாக்டருக்குப் படித்த ஒரே மகன் செத்துப்போனான் என்பது வரைக்கும் ஊருக்குத் தெரியும்.

நான்கு கால் கம்பித் தாங்கியை முன்னால் தள்ளித் தள்ளி அவர் வந்து கதவைத் திறந்தார். அந்தப் புழுக்கத்திலும் சேலைக்கு மணிக்கட்டு வரைக்கும் மூடின சட்டை போட்டிருந்தார். இடது கை செத்த மீன் மாதிரி தொங்கியது. தாங்கியை வலது கை ஒன்றே தள்ளியது.

"வாங்கோ, வாங்கோ. புத்தகம் உள்ளுக்கு இருக்கு. நீங்களே எடுங்கோ, எனக்குக் கை ஏலாது."

பின்னறையில் கட்டிலும் மேசையும் புத்தக அலமாரியும் இருந்தன. சன்னல் சாத்தியிருந்தது. உள்ளே நுழைந்ததும் மூக்குக்குள் ஊசி ஏறியது போல ஒரு மருந்து வாடை.

"ஃபார்மலின்பா. பொணம் கெட்டுப் போகாம வைக்கிற மருந்து," லோஷினி காதோடு சொன்னாள்.

"அலமாக்! புத்தகத்துல எப்படி வந்துச்சு?"

"அறுக்கிற மேசை மேலயே விரிச்சு வச்சுப் படிப்பாங்களாம். சீனியர் அக்கா சொன்னாங்க."

அவள் கைப்பேசியில் சீனியர் அனுப்பிய பட்டியலைப் பார்த்துப் பார்த்து எடுத்தாள். தடித்த பாடப்புத்தகம் ஒன்று போதும், படப்புத்தகம் ஒன்று, அறுக்கிற முறை சொல்லும் சின்னப் புத்தகம் ஒன்று. இதுக்கு மேல வாங்காதே, தலை சுத்திப் போகும் என்பது சீனியரின் உத்தரவு. படப்புத்தகம்தான் இரண்டு விதமாக இருந்தது. ஒன்று வரைந்த படம்: சிவப்பில் ரத்தக்குழாய், நீலத்தில் இன்னொரு குழாய், மஞ்சளில் நரம்பு. இன்னொன்று நிஜப் பிணத்தைப் படம் பிடித்தது. அதில் எல்லாமே ஒரே நிறம். வேகவைத்து ஆறின இறைச்சி நிறம்.

"வரஞ்சது போதும்ப்பா. மொதல்ல அதுலதான் புரியுமாம்."

"ரெண்டையும் எடு லா. சும்மா குடுக்கிறத வேணாம்பாங்களா?"

"இது பழைய எடிஷன்."

"எடிஷன் மாறினா எலும்பு மாறுமா? பெரிய டாக்டரம்மா இப்பவே பேசுது!" சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

டீச்சர் சிரிக்கவில்லை. லோஷினியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளை, கையை நீட்டும் பாப்பம்."

லோஷினி நீட்டினாள். எலும்பும் தோலுமான கை. உள்பக்கம் பச்சை நரம்பு ஓடுவது தெரிந்தது. டீச்சர் தொடவில்லை. குனிந்து, சந்தையில் மீன் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"மெலிஞ்ச பிள்ளை. நல்லது. கொழுப்பு இருந்தா ஒண்டும் தெரியாது எண்டு என்ர மகன் லக்ஷ்மன் சொல்லுவான்."

அய்யாவு தன் தொப்பையைத் தடவி, "அப்ப நம்மள அறுத்தா ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுங்க டீச்சர்," என்றான்.

"ஓம். உங்களால பிரயோசனம் இல்லை," என்றார் அவர். பிறகு வாசல் வரைக்கும் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "சரஸ்வதி பூசை வருதெல்லே. புத்தகங்களைச் சாமிக்கு முன்னால வைப்பீங்கள்தானே?"

"வைக்காம? மொத பூசையே இதுக்குத்தான்."

அவர் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கியது. பாரம் தூக்குகிற ஆள் மூட்டையைக் கீழே போடும்போது முகத்தில் தெரியுமே, அது மாதிரி.

பூசை அய்யாவு வீட்டில் ஜோராக நடந்தது. அவர்கள் குடியிருந்த தாமானில் பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டான். புத்தகங்களைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கி, ஒவ்வொன்றின் நான்கு மூலைக்கும் அவன் மனைவி செல்லம் சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, மேலே மல்லிகைச் சரத்தைப் போட்டாள். வீட்டுக்கு வருகிற புது மருமகளுக்குக் காட்டுகிற மாதிரி ஆரத்தி காட்டினாள். கற்பூரம் எரிந்து முடிந்த பிறகும் பூசை மேடையைச் சுற்றி அந்த மருந்து வாடைதான் நின்றது. சாம்பிராணி அதை அசைக்கவே இல்லை.

மறுநாள் லோஷினி புத்தகத்தைத் திறந்தாள். முதல் பாடம் கை.

அய்யாவு காலையில் வேலை முடிந்து வந்து, கூடத்தில் பாயைப் போட்டுப் பகல் முழுக்கத் தூங்குகிறவன். செல்லம் அந்நேரம் தொழிற்சாலைக் கேண்டீனில் இருப்பாள். வீட்டில் அப்பனும் மகளும்தான். ஒரு மத்தியானம் அவனுக்கு விழிப்புத் தட்டியது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மகள் அறையிலிருந்து ஒரு குரல்.

ஆண் குரல். தாழ்ந்த குரல்.

"ஹியூமரஸ்... பைசெப்ஸ்... பிரேக்கியாலிஸ்..." திக்கியது. நின்றது. தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு மறுபடி முதலிலிருந்து, "ஹியூமரஸ்... பைசெப்ஸ்..."

கைப்பேசியில் பாடம் கேட்கிறாள் என்று நினைத்துத் திரும்பிப் படுத்தான்.

அவள் கைப்பேசி அவன் தலைமாட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

எழுந்து போய்ப் பார்த்தான். லோஷினி மேசையில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். இடது கை புத்தகத்தின் மேல் மல்லாந்து கிடந்தது. யாரோ எடுத்து, சரி பண்ணி வைத்தது போல் விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக விரிந்திருந்தன. தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கோணல் இல்லாமல் ஒரு மைக்கோடு.

"ஏய், கையில என்னா கிறுக்கி வச்சிருக்க?"

அவள் விழித்தாள். கோட்டைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "நான் போடலப்பா. தூக்கம் வந்துச்சுன்னா யாரோ என் கையப் பிடிச்சுப் பிடிச்சுப் பார்க்கிறாங்க. அழுத்தி அழுத்திப் பார்க்கிறாங்க. எந்திரிக்க முடியல."

அவனுக்கும் உள்ளுக்குள் ஒரு சில்லிப்பு ஓடியது. ஓடியதை அவன் கோபமாக மாற்றிக்கொண்டான். பயந்தால் அவனுக்கு அது ஒன்றுதான் தெரியும்.

"புத்தகத்துக்கே பயப்படறவ பொணத்த எப்படி அறுப்ப? பேசாம கையுறைக் கம்பெனிக்குப் போறியா? ஊரே சிரிக்கட்டும். உக்காந்து படி!"

"அப்பா, இந்தப் புத்தகம் வேணாம்ப்பா. லைப்ரரில எடுத்துக்கிறேன்."

"வாய மூடு. ஊரக் கூட்டிப் பூசை போட்டுட்டு இப்பத் திருப்பிக் குடுக்கிறதா? தொறடி!"

அவனே புத்தகத்தை விரித்து, அவள் தலையைப் பிடித்து அதன் பக்கம் திருப்பினான். அவள் அழுதுகொண்டே படித்தாள். அய்யாவு நாற்காலியைப் போட்டு, ஆட்களை வேலை வாங்குகிற தோட்டத்துத் தண்டல் மாதிரி வாசலிலேயே உட்கார்ந்தான்.

அடுத்தடுத்த நாட்களில் மைக்கோடு அழிந்துபோனது. அது இருந்த இடத்தில் ஒரு தழும்பு தெரிந்தது.

ரத்தம் வரவில்லை. புண்ணே இல்லை. என்றைக்கோ ஆறிப்போன, வெள்ளை நூல் மாதிரி ஒரு தழும்பு. அதிலிருந்து கிளை பிரிந்து விரல் விரலாகப் போனது. கிளை எட்டின விரல் ஒவ்வொன்றும் தொங்கிப்போனது. செல்லம் கத்திக்கொண்டு அவளைக் கிளினிக்குக்குத் தூக்கிப் போனாள். மலாய் டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாருட் லாமா, மாக்சி. பழைய தழும்பு, அம்மா. சின்ன வயசில் ஆபரேஷன் செய்தீர்களா? நன்றாகத் தைத்திருக்கிறார்கள்," என்றாராம்.

"பொறந்ததிலேர்ந்து அந்தக் கையில கொசுக்கடியத் தவிர எதுவும் இல்லன்னு எப்படிச் சொல்லுவேன்?" செல்லம் தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி மனுசா, புத்தகத்தத் தூக்கிப் போடுய்யா!"

அன்றைக்கும் அவன் போடவில்லை. நரம்புத் தளர்ச்சி, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினால் சரியாகும் என்றான். இடது தொடையில் மைக்கோடு வந்த மத்தியானம்தான், புத்தகத்தையெல்லாம் மூட்டை கட்டிக் காரில் போட்டுக்கொண்டு ரெங்கத்துக்கு ஓடினான்.

திலகம் டீச்சர் இரும்புக் கதவைத் திறக்கவில்லை. கம்பிக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. காட்டில் ஒரு பறவைகூடச் சத்தம் போடவில்லை.

"டீச்சர், இந்தா உங்க புத்தகம். எடுத்துக்குங்க."

"பூசையில வச்சனீங்களோ?"

"வச்சோம்! அதுக்கு என்னா இப்ப?"

"பொட்டு வச்சு, ஆரத்தி காட்டி?"

அவன் புத்தக மூட்டையைக் கம்பிக்கு முன்னால் இறக்கி வைத்தான்.

"என்ர பிள்ளை சின்னனில இருந்தே கூச்ச சுபாவம். அழையாத வீட்டு வாசல்படி மிதிக்க மாட்டான். நீங்கள் சாமிக்கு முன்னால வச்சு அழைச்சிருக்கிறீங்கள். இனி அவன் உங்கட வீட்டுப் பிள்ளை. புத்தகத்தை இங்க போட்டாலும் அவன் இங்க வரமாட்டான்."

"செத்தவன் எப்படிப் படிப்பான்? பைத்தியமா உங்களுக்கு?"

"அனாட்டமியில பெயிலாகிப் போட்டான். மறுசோதனை எண்டு சொல்லிச்சினம். இந்த அறையில இருந்துதான் படிச்சவன், இந்த அறையிலதான் தொங்கினவன்." அவர் குரலில் அழுகை இல்லை. வகுப்பில் பாடம் சொல்கிற குரல்தான். "அதுக்குப் பிறகும் படிக்கிறான். பாவம், மந்தம். ஒரு பேரைப் பத்துத்தரம் சொல்ல வேணும். புத்தகத்தைப் பார்ப்பான், ஆளில கோடு போட்டுப் பார்ப்பான், திரும்பப் புத்தகத்தைப் பார்ப்பான்."

வலது கையால் இடது சட்டைக் கையைச் சுருட்டினார். மேல்கையிலிருந்து விரல் வரைக்கும் அதே வெள்ளை நூல்கள். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினார். அங்கேயும்.

"கை கேட்டான், குடுத்தன். கால் கேட்டான், குடுத்தன். பெத்தவள்தானே. அடுத்த பாடம் நெஞ்சு." சேலையைக் கீழே இறக்கிவிட்டார். "குடுக்க மனம் வரேல்லை."

"அதுக்கு எம்மவளா கிடைச்சா?"

"மெலிஞ்ச பிள்ளையாய் இருந்திச்சுது."

அய்யாவு கம்பியைப் பிடித்து உலுக்கினான். வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் கொட்டினான். பிறகு அந்தச் சிமெண்டுத் தரையிலேயே முழங்காலில் விழுந்தான். "என்ன எடுத்துக்கச் சொல்லுங்க டீச்சர். என் நெஞ்ச எடுத்துக்கட்டும்."

"உங்களில அவனுக்கு ஒண்டும் தெரியாது எண்டு அண்டைக்கே சொன்னனான்." நாற்காலியிலிருந்து எழுந்து, தாங்கியைத் தள்ளிக்கொண்டு திரும்பினார். "நான் செய்ததைத்தான் நீங்களும் செய்யோணும். படிக்கிற பிள்ளை, மெலிஞ்ச பிள்ளை, பூசையில வச்சு எடுக்கிற வீடு. கெதியா பாருங்கோ. கால் முடிய நாள் எடுக்காது."

மூட்டையைத் திரும்பக் காரில் போட்டுக்கொண்டு, வழி நெடுக அவன் அவரைச் சபித்துக்கொண்டே வந்தான். வீட்டுக்கு வந்து, மகள் ஒற்றைக் காலை இழுத்து இழுத்து நடப்பதைப் பார்த்தான். சபிப்பதை நிறுத்திவிட்டுக் கைப்பேசியை எடுத்தான்.

கோயில் குரூப்பில் போட முடியாது. டீச்சர் கொடுத்த புத்தகம் அவனிடம் வந்த கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். பழைய தோட்டத்துக் கூட்டாளிகள் குரூப் ஒன்று இருந்தது. தோட்டத்தை மூடினதும் நாலா பக்கமும் போனவர்கள். அதில் போட்டான், டீச்சர் எழுதின அதே வார்த்தைகளை ஒட்டி. சாஆ டவுனிலிருந்து பிரேமலா என்றொரு பெண் உடனே கூப்பிட்டாள். மகன் ஜீவனுக்குக் கிளந்தானில் டாக்டர் படிப்பாம்.

மறுநாளே வந்துவிட்டார்கள். ஜீவன் காரிலிருந்து இறங்கினதும் அய்யாவு பார்த்தது அவன் கையைத்தான். மூங்கில் குச்சி மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் நெஞ்சு லேசானது. தன் முகத்திலும் ஏதோ ஒன்று இறங்குவது அவனுக்கே தெரிந்தது.

"அங்கிள், ரெண்டு படப்புத்தகமும் எனக்கா? என் கூட்டாளிங்க யாருகிட்டயும் ரெண்டு இல்ல!" பையனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"எடுத்துக்கய்யா. நல்லாப் படி."

பிரேமலா கண் கலங்கி நின்றாள். "இந்தக் காலத்துல யாருண்ணே இப்படிச் செய்வாங்க? உங்க மக படிக்கலியா?"

"அதுக்கு... புதுசு வாங்கிட்டோம்." பிறகு மெதுவாகச் சொன்னான், "தங்கச்சி, ஒண்ணே ஒண்ணு. வீட்டுக்குப் போனதும் சாமிக்கு முன்னால வச்சுக் கும்பிட்டுட்டுத் திறங்க."

"சாமிய நினைக்காம நாங்க எதையுமே தொடறதில்லண்ணே."

கார் தாமான் மூலையில் திரும்பி மறையும் வரைக்கும் அய்யாவு வாசலில் நின்றான். உள்ளே செல்லம் அவன் முகத்தைப் பார்க்க மறுத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "அதுவும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே," என்றாள். அவன் காதில் வாங்காத மாதிரி போய்ப் படுத்தான்.

இரண்டொரு நாள் வீடு அமைதியாக இருந்தது. மருந்து வாடைகூடக் குறைந்ததாக அவனுக்குத் தோன்றியது. பிறகு ஒரு மத்தியானம், மழை கூரைத் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தபோது, லோஷினியின் அறையில் அந்தக் குரல் தொடங்கியது.

"ஸ்டெர்னம்... ரிப்ஸ்..."

கால் முடிந்து நெஞ்சுப் பாடம் தொடங்கிவிட்டது. அய்யாவு கைப்பேசியைத் தேடி எடுத்துப் பிரேமலாவைக் கூப்பிட்டான். அவசரத்தில் இரண்டு தடவை வேறு ஆளுக்குப் போனது.

"தங்கச்சி, புத்தகத்தச் சாமிகிட்ட வச்சீங்களா?"

"வச்சோம்ணே! பாஸ்டரக் கூப்பிட்டு, புத்தகத்து மேல கை வச்சு ஜெபம் பண்ணினோம். உங்க குடும்பத்துக்காகவும் ஜெபம் பண்ணினோம்."

அவன் கைப்பேசியை மற்றக் காதுக்கு மாற்றினான்.

"பாஸ்டரா? சந்தனம்... பொட்டு வைக்கலியா?"

பிரேமலா சிரித்தாள். "நாங்க வேதக்காரங்கண்ணே. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். ஏண்ணே, உடம்பு சரியில்லியா?"

"புத்தகத்தத் திருப்பிக் குடுத்துரு தாயி. இப்பவே வரேன்."

"ஜீவன் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு நேத்தே கிளந்தானுக்குப் பஸ் ஏறிட்டானே."

கைப்பேசி அவன் கையிலிருந்து நழுவியது. அறைக்குள் ஓடினான்.

லோஷினி கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. இடது கையும் இடது காலும் அறுத்துப் போட்ட வாழைத்தண்டு மாதிரி கிடந்தன. கழுத்துக் குழியிலிருந்து நெஞ்சுக்கு நடுவே ஒரு மைக்கோடு இறங்கி, சட்டைக்குள் மறைந்திருந்தது. அறையில் வேறு ஆள் இல்லை. கட்டில் விளிம்பு மட்டும் யாரோ உட்கார்ந்த மாதிரி அமுங்கியிருந்தது.

"ஸ்டெர்னம்... ரிப்ஸ்... ப்ளூரா..."

குரல் திக்கியது.

நின்றது.

இந்த இடத்தில் எப்போதும் தாள் புரளும். அய்யாவு காத்திருந்தான். தாள் புரளவில்லை.

மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடத்தில் நின்றது. குரலில் இப்போது அழுகை கலந்திருந்தது. நாளைக்குச் சோதனை என்று தவிக்கிற பிள்ளையின் அழுகை.

"அப்பா," லோஷினி முணுமுணுத்தாள். "மறந்து போச்சாம்."

"என்னாம்மா மறந்துச்சு?"

"அடுத்த பேரு. புத்தகத்தத் தேடுறார். எங்கன்னு கேக்கிறார்."

"நீ சொல்லுமா! நீ படிச்ச பிள்ளையாச்சே, நீ சொல்லிக் குடு!"

"எனக்குத் தெரியாதுப்பா. கை வரைக்கும்தான் நான் படிச்சேன். நீங்க வாசல்ல உக்காந்து படிக்க வச்சீங்களே, அதுதான் கடைசி."

அவன் கீழே கிடந்த கைப்பேசியைப் பொறுக்கிக்கொண்டு ஓடி வந்தான். எதை எழுதித் தேடுவது? ஆங்கிலத்தில் அவனுக்குத் தெரிந்த எழுத்துகள் ஆலைப் பலகையில் எழுதியிருக்கும் எச்சரிக்கைகள் மட்டும்தான். அவள் முகத்துக்கு நேரே திரையைப் பிடித்தான். "அடிம்மா, ஒரு கை இருக்குல்ல, அடி!"

வலது கையைத் தூக்கப் பார்த்தாள். அது அசையவில்லை. மணிக்கட்டை யாரோ கட்டிலோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தது போல, தோலில் ஐந்து விரல் குழிகள் விழுந்திருந்தன. அய்யாவு அந்தக் குழிகளில் தன் விரலைக் கொடுத்து நெம்பினான். அங்கே காற்றுதான் இருந்தது. காற்று அவனைவிடப் பலமாக இருந்தது.

"தம்பி, லக்ஷ்மன் தம்பி," அய்யாவு வெறும் இடத்தைப் பார்த்துக் கைகூப்பினான். "கிளந்தானுக்குப் போய்ப் புத்தகத்தக் கொண்டாறேன். ஒரு நாள் பொறுய்யா. ஒரே ஒரு நாள்."

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

லோஷினியின் கண்கள் மெதுவாகத் தகப்பன் பக்கம் திரும்பின.

"வேணாமாம்ப்பா," என்றாள். "அவரே பார்த்துக்கிறாராம்."

சட்டையின் முதல் பித்தான் தானாகக் கழன்றது. அவள் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அய்யாவுதான் கத்தினான். கத்திக் கத்திக் குரல் செத்து, மகள் மேலேயே சரிந்தான்.

மழை கொஞ்சம் ஓய்ந்தபோது அவன் காதுக்குப் பக்கத்தில் அந்தக் குரல் திரும்பக் கேட்டது. மறந்த பெயரைத் தெளிவாக, திக்காமல், சந்தோஷமாகச் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனது.